வாவ்ராவின் ஒன்று புள்ளி ஏழு தவறுகள்

ஆகஸ்ட் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை, பயிற்சிக்கு வந்த நூற்றுப் பதினோரு ஆட்டக்காரர்களின் அலமாரியிலும் ஆளுக்கொரு வெள்ளை உறை இருந்தது. அந்த ஆண்டுக் கால்பந்துப் பருவத்தில் அவரவர் என்ன செய்யப்போகிறார்கள் என்பது உள்ளே அச்சடிக்கப்பட்டிருந்தது.

பந்து காலில் படுவது அபூர்வமாக இருக்கும் எங்கள் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அணி என்பது ஊரின் பாதி உயிர். நெப்ராஸ்காவின் சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கும் ஆல்டர்ஃபோர்டில் அது முக்கால் உயிர். அணியின் பெயர் கொக்குகள். கொக்குகள் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஹார்லன் கல்லூரியிடம் தோற்ற பிறகு, நிர்வாகம் ஆழமாக யோசித்து, பயிற்சியாளரை மாற்றாமல், 'ஆட்டக்காரர் செயல்திறன் முன்கணிப்பு அலுவலகம்' ஒன்றைத் திறந்தது. அதற்கு ஒரு தலைவர், ஓர் உதவியாளர், மூன்று திரைகள், ஒரு காப்பி இயந்திரம்.

வெண்டெல் வாவ்ரா தன் உறையைப் பிரித்தான். பெயர், வயது இருபது, உயரம், எடை. கீழே ஒரே வரி: 'மோசமான பந்துகள்: 1.7.'

வாவ்ராவின் வேலை விசித்திரமானது. அணியில் ஒருவன் பந்தை உதைக்க வேண்டிய நேரங்களில் மட்டும் அவன் களத்துக்குள் ஓடுவான். குனிந்து, தன் கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்த்து, பதினான்கு கஜம் பின்னால் நிற்கிறவனின் கைக்குப் பந்தை எறிவான். உடனே எதிரணியின் தடியன்கள் அவன்மேல் விழுவார்கள். எழுந்து வெளியே வருவான். அந்த வேலைக்கு ஸ்னாப்பர் என்று பெயர். நன்றாகச் செய்தால் யாரும் அவனைப் பார்ப்பதில்லை. பந்து தலைக்கு மேல் போனால் மாநிலம் முழுக்கப் பார்க்கும். இரண்டு ஆண்டுகளில் அவன் ஒரு பந்தைக்கூடத் தவறவிட்டதில்லை என்பதால், அவனைத் தெரிந்தவர்கள் மொத்தம் ஏழு பேர்.

"உனக்கு என்னடா வந்திருக்கு?" என்றான் வாவ்ரா.

அடுத்த அலமாரிக்காரன் ஓடிஸ் ஃப்ரேசர் மாற்று ஸ்னாப்பர். வாவ்ராவுக்கு ஏதாவது ஆனால் இறங்கவேண்டியவன். மூன்று ஆண்டுகளாக வாவ்ராவுக்கும் அவனுக்கு முன்னிருந்தவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இது ஓடிஸுக்குக் கடைசி ஆண்டு.

"பூஜ்யம்," என்றான் ஓடிஸ். "மோசமான பந்து பூஜ்யம். எவ்வளவு மரியாதையா எழுதிருக்காங்க பாரு."

"நீ ஒரு ஆட்டத்துலகூட இறங்கினதில்லையேடா."

"அதனாலதான் பூஜ்யம். என் ரெக்கார்டு சுத்தம்."

வாவ்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் அன்று காலை பயிற்சியாளர் டில்மன் படித்துக்காட்டிய அறிவிப்பு. சொந்தச் செலவில் படித்துக்கொண்டு ஆடுகிறவர்களில் ஒருவனுக்கு டிசம்பரில் உதவித்தொகை கிடைக்கும். யாருக்கு என்பதை, கணிப்புக்கு யார் நெருக்கமாக ஆடினார்கள் என்று பார்த்து அலுவலகம் முடிவு செய்யும். வாவ்ராவின் அப்பா கால்நடைத் தீவன மில் வைத்திருப்பவர். ஜூலை மாதத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த வருஷத்தோட சரி. உதவித்தொகை வந்தா படி. வரலன்னா ஜனவரில மூட்டை தூக்க வந்துடு." வாவ்ராவுக்கு மண்ணியல் பிடித்திருந்தது. மூட்டைகளை முழங்காலில் இருந்து தூக்கவேண்டுமா இடுப்பில் இருந்தா என்பதும் அவனுக்குத் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் படிப்பு என்று முடிவு செய்திருந்தான்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனான். தலைவர் டாக்டர் பிராண்ட்ஃபோர்ட் அவனை நிற்கவைத்தே வரவேற்றார். எல்லோரையும் 'நீங்க' என்று அழைப்பவர். கால்பந்தைத் தொட்டதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்வார். தொட்டால் பாரபட்சம் வந்துவிடுமாம்.

"சார், நான் ரெண்டு வருஷமா ஒரு பந்துகூடத் தப்பா போடலை."

"தெரியும். எங்களுக்குக் கவலையே அதுதான்."

"கவலையா?"

"நாட்டுல ஒரு ஸ்னாப்பருக்கு வருஷத்துக்குச் சராசரி ஒன்று புள்ளி ஏழு தவறு. நீங்க ரெண்டு வருஷமா போடலை. அதெல்லாம் எங்க போச்சு, மிஸ்டர் வாவ்ரா? எங்கேயும் போகலை. உங்களுக்குள்ளதான் இருக்கு. நாங்க பெரிய மனசு பண்ணி, பழசை எல்லாம் விட்டுட்டு இந்த வருஷத்துக்கு மட்டும் எழுதியிருக்கோம்."

உதவியாளர் ஜோலீன் தட்டச்சு செய்துகொண்டே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வாவ்ரா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான். வெளியே வந்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னோம் என்று யோசித்தான்.

பருவம் தொடங்கியது. கணிப்பு வேலை செய்கிறது என்பதைச் சீக்கிரமே எல்லோரும் ஒப்புக்கொள்ளவேண்டி வந்தது. பந்தைப் பிடித்து ஓடும் வேலைக்கு இருந்த ஒருவனுக்கு நான்கு டச்டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டை நான்கு முறை கடப்பான், என்று உறையில் இருந்தது. அவன் மூன்றாவது ஆட்டத்துக்குள் நான்கையும் போட்டுவிட்டான். நான்காவது ஆட்டத்தில் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில், பத்து கஜ வட்டத்துக்குள் எதிரி ஒருவன்கூட இல்லாமல், இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றான். யாரும் அவனுக்குப் பந்தை எறியவில்லை. "அவனோடது தீர்ந்துபோச்சு. தீர்ந்துபோன ஆளுக்கு எறிஞ்சா வீண்," என்றார் பயிற்சியாளர் டில்மன். பருவ முடிவில் அவன் கணக்கு சரியாக நான்கில் நின்றது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

தடுப்பு வரிசையில் இருந்த ஒரு மலை மாதிரி ஆளுக்கு 'ஆறாவது வாரம், இடது கணுக்கால் சுளுக்கு' என்று வந்திருந்தது. ஆறாவது வாரம் பிறந்ததும் அவன் பெயர் எழுதிய ஊன்றுகோல்களைக் கொண்டுவந்து அலமாரியில் சாத்தினார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றான். பழகிக்கொள்வது நல்லது என்றார்கள். வியாழக்கிழமை விடுதிப் படியில் இறங்கும்போது ஊன்றுகோல் தட்டி விழுந்து வலது கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. டாக்டர் பிராண்ட்ஃபோர்ட் ஆட்டக்காரர்களைக் கூட்டி ஒரு சிற்றுரை ஆற்றினார்.

"வாரம் சரி. கணுக்கால் சரி. சுளுக்கு சரி. இடது வலது மட்டும் மாறிப்போச்சு. அதுவும் எந்தப் பக்கத்துல இருந்து பார்க்கறோம்கிறதைப் பொறுத்தது."

வாவ்ரா மட்டும்தான் பின்தங்கியிருந்தான். ஒன்பது ஆட்டங்கள் முடிந்தன. தொண்ணூற்று மூன்று பந்துகள் எறிந்திருந்தான். தொண்ணூற்று மூன்றும் கையில் போய் உட்கார்ந்தன. உணவுக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அவன் பெயருக்கு நேரே சிவப்பில் 'நிலுவை: 1.7' என்று போட்டிருந்தது. தட்டுடன் வரிசையில் நின்றவர்கள் அவனைப் பார்த்து விலகி நின்றார்கள்.

"எப்போடா போடப்போற?" என்றான் காஸ்பர். அவன்தான் பந்தை உதைப்பவன். வாவ்ராவின் பந்துகள் எல்லாம் அவன் கைக்குத்தான் போகும். ஆறடி ஐந்து அங்குலம். "எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் இதுதான் அதுன்னு நினைச்சுட்டு நிக்கறேன்."

"நான் நல்லாத்தானே போடறேன்."

"அதைத்தான் சொல்றேன். நல்லா போடப் போட பயமா இருக்கு."

பத்தாவது ஆட்டத்துக்கு முன்பு வாவ்ராவை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். பயிற்சியாளர் டில்மனும் இருந்தார். சுவரில் ஒரு வரைபடம். அதில் மீதமிருந்த மூன்று ஆட்டங்கள். கடைசி ஆட்டம் ஹார்லன்.

"நிலைமையைப் புரிஞ்சுக்கணும்," என்றார் டாக்டர். "உங்க தவறுகள் வந்தே தீரும். கேள்வி எப்போங்கிறதுதான். ஹார்லன் ஆட்டத்துல வந்தா நாம காலி. இந்தச் சனிக்கிழமை வர்ற அணி சின்னப் பள்ளிக்கூடம் மாதிரி. முப்பது புள்ளி வித்தியாசம் வந்தப்புறம் ரெண்டையும் போட்டு முடிச்சிடுங்க."

"வேணும்னே தப்பா போடணுமா?"

"வேணும்னு எல்லாம் இல்லை. இயல்பா. நாங்க சொல்ற நேரத்துல இயல்பா."

வாவ்ரா பயிற்சியாளரைப் பார்த்தான். பயிற்சியாளர் டில்மன் முப்பது ஆண்டுகளாக ஆட்டத்தில் இருப்பவர். அவர் தன் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாவ்ரா," என்றார், "என் உறையிலயும் ஒண்ணு எழுதியிருக்கு. என்னன்னு கேக்காத. சொன்னதைச் செய்."

சனிக்கிழமை. மூன்றாம் கால்பகுதி, முப்பத்தொரு புள்ளி முன்னிலை. டாக்டர் பிராண்ட்ஃபோர்ட் அரங்கின் மேலே இருந்த கண்ணாடி அறையிலிருந்து ஒரு மஞ்சள் துண்டை ஆட்டினார். வாவ்ரா குனிந்தான். இரண்டரை ஆண்டுகளாகக் கை பழகிய வேலை. தப்பாகப் போடுவது எப்படி என்று அதற்குத் தெரியவில்லை. வாரம் முழுக்க ஓடிஸை நிற்கவைத்துப் பயிற்சி எடுத்திருந்தும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, காஸ்பரின் தலைக்கு மேல் ஒரு கஜம் என்று எண்ணி எறிந்தான்.

காஸ்பர் பள்ளியில் கூடைப்பந்து ஆடியவன். மூன்று மாதமாக இதற்காகவே தூங்காமல் காத்திருந்தவன். எகிறி ஒரு கையால் பந்தைப் பறித்தான். பறித்துவிட்டுப் பார்த்தால் எதிரணியின் பதினோரு பேரும் பந்து போன திசையில் தாறுமாறாக ஓடிவந்துகொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு பெரிய வெற்றிடம். ஓடினான். அறுபத்தொரு கஜம் ஓடி டச்டவுன் போட்டுவிட்டுத்தான் நின்றான். அரங்கம் எழுந்து நின்றது. ஊர்ப் பத்திரிகை அதை 'பயிற்சியாளர் டில்மனின் துணிச்சலான தந்திரம்' என்றது.

பத்திரிகை அப்படி எழுதிவிட்ட பிறகு அதை மோசமான பந்து என்று பதிவு செய்ய வழியில்லாமல் போயிற்று. வாவ்ராவின் நிலுவை அப்படியே இருந்தது. அதோடு காஸ்பருக்கும் புதிதாகச் சிக்கல் வந்தது. அவனுக்கு 'ஓடிய தூரம்: பூஜ்யம்' என்று கணிப்பு. அறுபத்தொரு கஜத்துக்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டு அவனுக்குக் கடிதம் வந்தது.

"என்ன எழுதினே?" என்றான் வாவ்ரா.

"துரத்தினாங்க, ஓடினேன்னு எழுதினேன். அது காரணம் ஆகாதாம். திருப்பி அனுப்பிட்டாங்க."

பதினோராவது ஆட்டம் இழுபறியாகப் போனதால் துண்டை ஆட்ட நேரமே கிடைக்கவில்லை. ஹார்லன் ஆட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அலுவலகம் அவசரமாகக் கூடி, தெளிவான ஒரு முடிவு எடுத்தது. வாவ்ராவிடம் 1.7 தவறு இருக்கிறது. ஓடிஸ் ஃப்ரேசரிடம் பூஜ்யம் இருக்கிறது. ஆகவே ஓடிஸ் இறங்குவான்.

செய்தி கேட்ட ஓடிஸ் அலமாரிக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு வாய் உலர்ந்துபோகுதுடா."

"உன்னால முடியும்," என்றான் வாவ்ரா. அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. "மூச்சை விட்டுட்டு எறி. வேற ஒண்ணும் யோசிக்காத."

"நீ என்ன யோசிப்பே?"

"பிடிக்கறவனோட பெல்ட் பக்கிளைப் பார்ப்பேன். அவ்வளவுதான்."

நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மறுநாள், வான்கோழி இன்னும் செரிக்காத நாற்பதாயிரம் பேர் அரங்கில் கூடியிருந்தார்கள். ஓடிஸின் முதல் பந்து காஸ்பரின் தலைக்கு மேல், அவன் கூடைப்பந்து நாட்களிலும் எட்டியிருக்க முடியாத உயரத்தில் பறந்து, கொக்குகளின் பக்கத்துக் கடைசிக் கோட்டையும் தாண்டி வெளியே போய் விழுந்தது. ஹார்லனுக்கு இலவசமாக இரண்டு புள்ளி. இரண்டாவது பந்து கோழிக்குஞ்சு மாதிரி தரையில் உருண்டு உருண்டு போனது. காஸ்பர் அதன்மேல் விழுந்து படுத்துக்கொண்டான். ஹார்லன் இரண்டு புள்ளி முன்னிலைக்குப் போனது. அரங்கம் ஓடிஸின் பெயரை அன்றுதான் தெரிந்துகொண்டு, உரக்கச் சொன்னது. கூடவே வேறு சிலவும் சொன்னது.

கண்ணாடி அறையிலிருந்து பயிற்சியாளருக்குத் தொலைபேசி வந்தது.

"அருமை," என்றார் டாக்டர். "ஸ்னாப்பருக்கு உண்டான ரெண்டும் வந்துடுச்சு. இனி அந்த இடத்துல ஆபத்து இல்லை. யாரை வேணும்னாலும் இறக்கலாம்."

பயிற்சியாளர் தொலைபேசியை வைத்துவிட்டு, "வாவ்ரா," என்றார்.

ஆட்டம் முடிய நான்கு விநாடி இருக்கும்போது, கொக்குகள் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்க ஒரு வாய்ப்பு வந்தது. வாவ்ரா குனிந்தான். எறிந்தான். இரண்டு தடியன்கள் அவன்மேல் விழுந்தார்கள். முகம் புல்லில் புதைந்திருந்ததால் பந்து போனதை அவன் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டான். உதைத்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கூட்டத்தில் யாரோ வாவ்ராவின் கையை மிதித்தார்கள்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி அவனை அலுவலகத்துக்கு அழைத்தார்கள்.

"ஆண்டறிக்கை மாலை அஞ்சு மணிக்குள்ள நிர்வாகக் குழுவுக்குப் போகணும்," என்றார் டாக்டர். "அணி முழுக்கக் கணிப்புக்குத் தொண்ணூத்தி நாலு சதவீதம் நெருக்கம். நாட்டுலயே இப்படிக் கிடையாது. உங்க நெருக்கம் பூஜ்யம். கணிப்பு வெச்ச இடத்துலதான் நிக்குது, மிஸ்டர் வாவ்ரா. விலகிப்போனது நீங்க."

"நூத்திப் பன்னெண்டு பந்து சார். ஒண்ணுகூட..."

"அதை நீங்க குறையா சொல்லிக்கறது நல்லது. சரி, ஒரு வழி இருக்கு. ஸ்னாப்பர் இடத்துல மோசமான பந்து ரெண்டு வந்திருக்கு. கணிப்பு உங்களுக்குப் போட்டது. அதனால அந்த ரெண்டும் முறைப்படி உங்களோடதுதான். ஃப்ரேசர் சம்மதிச்சு இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டா, உங்க பேருக்கு மாத்திடலாம். நெருக்கத்துல நீங்கதான் முதல். உதவித்தொகை உங்களுக்கு."

வாவ்ரா தாளை எடுத்துக்கொண்டு விடுதிக்கு நடந்தான். நல்ல பனி. போகிற வழியில் இதில் ஓடிஸுக்கும் நன்மைதான் என்று முறையாக மூன்று காரணங்களை வரிசைப்படுத்தினான். அந்த ஆட்டத்துக்குப் பிறகு கடைத்தெருவில் ஓடிஸுக்கு வாஃபிள் தர மறுத்திருந்தார்கள். அதுவே முதல் காரணம்.

ஓடிஸ் தாளைப் படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"முடியாதுடா."

"ஊரே உன்னைத் திட்டுது. நான் வாங்கிக்கறேன்னு சொல்றேன்."

"புரியுது. ஆனா நாலு வருஷத்துல நான் இறங்கினது அந்த ரெண்டு பந்துக்குத்தான். இறங்கினவனுக்குத்தான் கல்லூரியோட எழுத்து தச்ச மேலங்கி தருவாங்க. எங்க அம்மா அதை மாட்ட ஆணி அடிச்சு வெச்சிருக்காங்க." ஓடிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அதை உன் பேருக்கு எழுதிட்டா, நான் இங்க நாலு வருஷம் என்ன பண்ணேன்னு நீயே சொல்லு. உன்கிட்ட நூத்திப் பன்னெண்டு இருக்குல்ல. என்னோட ரெண்டும் வேணுமா உனக்கு?"

வாவ்ராவிடம் இன்னும் இரண்டு காரணங்கள் மீதமிருந்தன. அவற்றைச் சொல்லாமலே திரும்பி நடந்தான். மணி நாலே கால்.

"ஃப்ரேசர் தரமாட்டான் சார்," என்றான் அலுவலகத்தில். "என் நிலுவையை நானே கட்டிடறேன். இப்பவே."

டாக்டர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பருவம் டிசம்பர் முப்பத்தொன்று வரை என்று அவரே எழுதிவைத்திருந்தார். களம் எது, எதிரணி யார் என்பது பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஜோலீன் பதிவேட்டையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டார். மூவரும் உள்ளரங்கப் பயிற்சிக் கூடத்துக்குப் போனார்கள்.

காஸ்பர் ஊருக்குப் போயிருந்தான். பந்தைப் பிடிக்க ஆள் இல்லை.

"நானே நிக்கறேன்," என்றார் டாக்டர். "அந்த இடத்துலயே பதிவு பண்ண வசதி." கோட்டுப் பொத்தான்களை முறையாகப் போட்டுக்கொண்டு பதினான்கு கஜத்தில் போய் நின்றார்.

"எங்க போகணும் சார்?"

"அதை எப்படிச் சொல்றது? ஒரு மனுஷனோட தப்பு எங்க போகும்னு முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாது."

ஜோலீன் எழுதுவதை நிறுத்தினார். "இதையும் குறிச்சுக்கணுமா சார்?"

"வேண்டாம்."

முதல் பந்து டாக்டரின் தலைக்கு மேல் சரியாக ஒரு கஜ உயரத்தில் போய்ச் சுவரில் மோதியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒன்று," என்றார் திருப்தியாக.

"மீதி புள்ளி ஏழு எப்படிப் போடறது சார்?"

டாக்டர் யோசித்தார். "பிடிக்கறவர் பிடிச்சுடணும். ஆனா சிரமப்பட்டு."

வாவ்ரா குனிந்தான். கால்களுக்கு நடுவே, தலைகீழாக, கோட்டும் கழுத்துப்பட்டியும் முகத்தில் கம்பீரமுமாக டாக்டர் பிராண்ட்ஃபோர்ட் தெரிந்தார். வாவ்ரா மூச்சை விட்டான். எறிந்தான்.

பந்து வந்த வேகத்தில் டாக்டர் அதைக் கட்டிக்கொண்டே இரண்டடி பின்னால் போய், செயற்கைப் புல்லில் உட்கார்ந்தார். கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. பந்தை மட்டும் விடவில்லை.

"பிடிச்சிட்டீங்க சார்," என்றார் ஜோலீன்.

"சிரமமா இருந்ததா சார்?" என்றான் வாவ்ரா.

மூச்சு வராததால் டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

"புள்ளி ஏழு," என்று ஜோலீன் எழுதிக்கொண்டார். "மொத்தம் ஒன்று புள்ளி ஏழு. நெருக்கம் நூறு சதவீதம். தவறுக்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார். அதுல என்ன போடட்டும்?"

டாக்டருக்குக் குரல் திரும்ப அரை நிமிடம் ஆனது.

"கவனக்குறைவு," என்றார்.

ஜோலீன் தாளை நீட்ட, கவனக்குறைவு என்ற சொல்லுக்குக் கீழே வாவ்ரா கையெழுத்துப் போட்டான். அவன் குறிவைத்தது மேலிருந்து மூன்றாவது பொத்தானை. அது தனியாகப் பிய்ந்து, ஜோலீனின் காலடியில் கிடந்தது.